அண்ணாவின் கனம்

விடிகாலையில் எழுந்து தேகப்பயிற்சி செய்கிறவர்களை எனக்குச் சின்ன வயதிலிருந்தே பிடிக்காது. நான் வேலை பார்த்த சர்க்கார் கச்சேரியில் அப்படி ஒரு குமாஸ்தா இருந்தார். பத்து மணிக்கு வந்து நாற்காலியில் உட்கார்ந்ததும் அன்று காலை சங்குமுகம் கடற்கரை வரை நடந்துபோய் வந்த கதையை ஆரம்பித்துவிடுவார். காற்று எப்படி இருந்தது, மூச்சு எப்படி இருந்தது, வயிறு எப்படிச் சுத்தமாயிற்று என்று ஒன்று விடமாட்டார். மற்ற நாங்கள் கிழக்கேகோட்டைக்குள் அக்ரஹாரத் தெருக்களில் ஆற அமர எழுந்து, குளத்தில் முங்கி, சூடாகச் சாப்பிட்டுவிட்டு, பாதித் தூக்கத்தோடு கோப்புகளைப் புரட்டுகிறவர்கள். அவருக்கு எங்களைப் பார்த்தால் பரிதாபம், எங்களுக்கு அவரைப் பார்த்தால் எரிச்சல்.

அவர் பேச்சில் மயங்கி நானும் சில நாள் போனதுண்டு. இருட்டில் வந்து வாசல் கதவைத் தட்டுவார். முதல் நாள் பாதி தூரம். அடுத்த நாள் கால் தானாகக் கிழக்கே திரும்பி, தம்பானூர் ஸ்டேஷனுக்கு எதிரிலிருந்த காப்பி ஹோட்டலில் போய் நின்றது. மறுநாள் அவர் தட்டினபோது ஜுரம் என்று என் மனைவியைச் சொல்லச் சொன்னேன். அவள், "தூங்கறார்" என்று உள்ளதைச் சொல்லிவிட்டாள். அத்தோடு அவரும் விட்டுவிட்டார், நானும் விட்டேன்.

உடம்பு நன்றாயிருக்கும், ஆயுசு கூடும் என்றெல்லாம் சொல்லி ஒரு மனிதனைப் போர்வைக்குள்ளிருந்து வெளியே இழுக்க முடியாது. ஆயுசு எங்கேயோ இருக்கிறது, போர்வை கையில் இருக்கிறது. இப்படிச் சொல்கிற நானே பிற்பாடு இரண்டு வருஷத்துக்கு மேல், மழை பெய்தாலும் பனி கொட்டினாலும், கோவிலில் சங்கு ஊதுவதற்கு முன்பே எழுந்து கொல்லையில் நின்றிருக்கிறேன். என்னை எழுப்பியது ஆரோக்கியமும் இல்லை, பக்தியும் இல்லை. என் அண்ணாவின் மேல் எனக்கிருந்த வெறுப்பு.

அதைச் சொல்ல அப்பா செத்துப்போன நாளிலிருந்து தொடங்க வேண்டும். எனக்கு அப்போது மீசை சரியாக முளைக்கவில்லை. அண்ணா என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர், கல்யாணமாகிக் குழந்தையும் இருந்தது. மூத்த பிள்ளை என்பதால் நெருப்புச் சட்டியைக் கயிற்றில் தொங்கவிட்டுக்கொண்டு அவர் முன்னால் நடந்தார். சட்டி ஏந்துகிறவன் பாடையைத் தொடுவதில்லை, சுடுகாடு போகும்வரை திரும்பிப் பார்ப்பதும் கூடாது. எங்கள் ஜனங்களில் பிணத்தை வேறு யாரும் தூக்க மாட்டார்கள். கூலிக்கு ஆள் வைப்பதென்றால் அதைவிட அவமானம் இல்லை. சொந்தக்காரர்களும் தெருக்காரர்களும்தான் தோள் கொடுக்க வேண்டும். நான் இடது பின்பக்க மூலை.

அப்பா கனத்த சரீரம். நானோ வத்தல். கோட்டைக்குத் தெற்கே சுடுகாட்டுக்குப் போகும் வழியில் ஒரு வாய்க்கால் குறுக்கிடும். அதன்மேல் ஒரு கருங்கல்லைப் பாலமாகப் போட்டிருந்தார்கள். அதில் வருஷம் முழுவதும் பாசி. கல்லின் நடுவில் என் முழங்கால் மடங்கிற்று. மூலை சரிந்தது. மற்ற மூன்று பேரும் என்னைத் திட்டிக்கொண்டே தாங்கப் பார்த்தார்கள், முடியவில்லை. அப்பா பாடையிலிருந்து சரிந்து, கல்லில் தலை மோதி, பாதி உடம்பு சேற்றில் கிடந்தார். கூட்டத்தில் எவனோ சிரிப்பை அடக்க முடியாமல் இருமினான். அண்ணா திரும்பிப் பார்க்கவில்லை. சட்டி மட்டும் கையில் ஆடிற்று.

காரியமெல்லாம் முடிந்த பிறகு எல்லார் நடுவிலும் என்னைப் பார்த்துச் சொன்னார். "அப்பா உயிரோட இருந்தவரைக்கும் உன்னை ஒரு தரம்கூடக் கீழே போட்டதில்லே. நீ அவரை ஒரே ஒரு தரம் தூக்கினே. அதுக்கே போட்டுட்டியேடா."

அதிலிருந்து தெருவில் எனக்கு வேறு அடையாளம் கிடையாது. எந்தத் தம்பி என்று யாராவது கேட்டால், "அப்பாவைப் போட்டானே, அவனாக்கும்" என்பார்கள். எனக்குப் பெண் கொடுத்த மாமனாருக்கும் இது தெரிந்திருந்தது. தாலி கட்டின கையோடு, "பொண்ணைக் கெட்டியாப் பிடிச்சுக்கோங்கோ மாப்பிள்ளை" என்றார். பந்தலே சிரித்தது. அண்ணா எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தார். உத்தியோகம் கிடைத்து, குழந்தைகள் பிறந்து, தலை நரைக்கத் தொடங்கின பிறகும் அது ஓயவில்லை. தண்ணீர்ச் சொம்பை நான் கையில் எடுத்தால்கூட, "பார்த்துடா, போட்டுடாதே" என்பார் அண்ணா. ஒரே வீட்டில் குடித்தனம். அந்தப் பேச்சைக் கேட்காமல் நான் சாப்பிட்டெழுந்த நாள் குறைவு.

அண்ணாவும் அப்பாவைப் போலவே பருத்தவர். கச்சேரியிலிருந்து ஓய்வு பெற்ற கையோடு சர்க்கரை வியாதி அவரைப் பிடித்துக்கொண்டது. காலில் ஒரு புண் வந்தது, ஆறவில்லை. ஆஸ்பத்திரியில் இரண்டு விரல்களை எடுத்தார்கள். அதற்குப் பிறகு நடை போயிற்று. பின்கட்டு அறையில், கொல்லையைப் பார்த்த ஜன்னலோரம் கட்டிலைப் போட்டு அவரைக் கிடத்தினோம். அவருடைய ஒரே பிள்ளை பம்பாயில் ஒரு கம்பெனியில் வேலை பார்த்தான். பணிவிடை முழுதும் அண்ணாவின் மனைவி, என் மன்னி, தலையில் விழுந்தது.

ஒரு நாள் கச்சேரியிலிருந்து வந்ததும் பக்கத்தில் போய், உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்டேன். அவர் என்னை மேலும் கீழுமாகப் பார்த்தார்.

"எனக்கு நாள் நெருங்கியாச்சுடா. ஒண்ணு மட்டும் சொல்றேன், கேட்டியா. நான் போனா நீ தோள் குடுக்க வராதே. பிள்ளை பம்பாய்லேந்து வந்து சட்டி எடுத்துப்பான். தூக்கறதுக்குத் தெருவிலே நாலு ஆம்பிளை இல்லாமப் போகமாட்டா. நீ குடையைப் பிடிச்சுண்டு பின்னாலே வா, போரும்."

மன்னி உள்ளே பாத்திரத்தை வைக்கிற சத்தம் நின்றுபோயிற்று. எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. இவரை நான் தூக்குவேன். இவர் பிள்ளை முன்னால் சட்டியோடு நடக்க, தெரு முழுக்கப் பார்க்க, அதே கல்லின்மேல் அதே இடது பின்பக்க மூலையைத் தாங்கிக்கொண்டு நடப்பேன். அதற்கப்புறம் எவன் வாயில் அந்தப் பேச்சு வருகிறது பார்க்கலாம் என்று நினைத்தேன். 

மறுநாள் இருட்டோடு எழுந்தேன். அலாரம் வைத்த கடிகாரம் எங்கள் வீட்டில் இல்லை. தெருவுக்கு வெளியே மேத்தமணிக் கடிகாரம் மணிக்கு மணி அடிக்கும், ஆனால் அது என்றைக்கும் என்னை எழுப்பியதில்லை. அண்ணாவின் வார்த்தை எழுப்பிற்று. கொல்லையில் கிணற்றடியில் தண்டால் போட ஆரம்பித்தேன். மூன்றாவதுக்கே மார்பு தரையில் ஒட்டிக்கொண்டது. பிறகு பஸ்கி. அதன் பிறகு, கூரை மராமத்தில் மிஞ்சிச் சுவரோரம் கிடந்த ஒரு பலா உத்தரத்தை இடது தோளில் ஏற்றிப் பார்த்தேன். ஏறவில்லை; என்னையும் இழுத்துக்கொண்டு தடாலென்று விழுந்தது.

ஜன்னலுக்குள்ளிருந்து குரல் வந்தது. "யாருடா அது, அப்பாவா?"

அதற்கு மேல் அவர் சிரித்த சிரிப்பில் இருமல் வந்து, மன்னி ஓடிவந்து முதுகைத் தடவ வேண்டியதாயிற்று. நான் எதற்காக உத்தரம் தூக்குகிறேன் என்று அவருக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை. அன்றே புரிந்துகொண்டுவிட்டார். தன் சாவுக்காக இன்னொருவன் தயாராகிறான் என்று தெரிந்தால் வேறு யாராயிருந்தாலும் அழுதிருப்பார்கள், இல்லையென்றால் வீட்டைவிட்டுத் துரத்தியிருப்பார்கள். அண்ணாவுக்கு அது பெரிய பொழுதுபோக்காகிவிட்டது.

சில வாரத்துக்குள் நான் உத்தரத்தைத் தோளில் ஏற்றிக் கிணற்றைச் சுற்றினேன். நான் சுற்றுவேன், அவர் ஜன்னலிலிருந்து சொல்லிக்கொண்டிருப்பார். "முதுகை வளைக்காதேடா, நான் வழுக்கிடுவேன்." "கொஞ்சம் மெதுவாப் போ, எனக்கென்ன அவசரம்?" "அந்த மரம் என்னைக் காட்டிலும் லேசாக்கும். ரெண்டு செங்கல்லையும் சேர்த்துக் கட்டு." நான் செங்கல்லைக் கட்டினேன். வைத்தியர் இனிப்பைத் தொடக் கூடாது என்று சொல்லியிருந்தார். இவரோ கோவிலிலிருந்து பாயசம் வந்தால் மன்னியை அதட்டி வாங்கி, நான் பார்க்கும்படி குடிப்பார். "கனம் குறையப்படாதுடீ. பாவம், தம்பிக்கு ஏமாத்தமாயிடும்."

நானும் சும்மா இருந்தவனில்லை. ஒரு நாள் ஜன்னலுக்கு எதிரே நின்று, உத்தரத்தை இறக்காமலே, "சீக்கிரம் ஆகட்டும் அண்ணா, எனக்கும் வயசாறது" என்றேன். அவர் அதை ரசித்து, தெருவில் பார்க்க வந்தவர்களிடமெல்லாம் சொன்னார். மன்னிதான் ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. சாதத்தை இலையில் வைக்கும்போது கரண்டியால் ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போவாள்.

மழைக்காலத்தில் எனக்கு மறுபடியும் சோம்பல் வந்தது. வைகாசியில் தொடங்குகிற இடவப்பாதி மழை கூரையில் அறைகிறபோது எந்த வெறுப்புக்கும் கொஞ்சம் தூக்கம் வரும். அண்ணா விடவில்லை. என் அறைக்கும் அவர் கட்டிலுக்கும் நடுவில் ஒரு சுவர்தான். கைத்தடியால் அதில் இடிப்பார். "டேய்! நான் இங்கே செத்துண்டிருக்கேன், நீ அங்கே தூங்கிண்டிருக்கியா?"

நான் எழுந்துபோவேன். ஈரத்தில் கால் வழுக்கும். அந்தக் கல்லும் இப்படித்தான் வழுக்கும் என்று நினைத்துக்கொண்டு, வேண்டுமென்றே பாசி படிந்த இடத்தில் கால் வைத்து நடப்பேன். குளித்துச் சாப்பிட்டுக் கச்சேரிக்குப் போனால் பேனாவைப் பிடிக்கிற விரல் நடுங்கும். கடற்கரைக் குமாஸ்தா என் தோளைத் தொட்டுப் பார்த்துவிட்டு, என்ன சாப்பிடுகிறீர் என்று கேட்டார். அண்ணாவைச் சாப்பிடுகிறேன் என்று சொல்லலாம் போலிருந்தது. ஒன்றுமில்லை என்றேன்.

இப்படியே இரண்டு வருஷம் ஓடிற்று. யுத்தம் தொடங்கி, அரிசி கிடைப்பது கஷ்டமாயிற்று. அண்ணாவின் புண் மேலே ஏறியது, ஆனால் சரீரம் கரையவில்லை. ஒரு காலை மன்னி விரிப்பை மாற்றத் திணறிக்கொண்டிருந்தாள். நான் உத்தரத்தைக் கீழே வைத்துவிட்டு உள்ளே போய், அண்ணாவின் முதுகுக்கும் முழங்காலுக்கும் கீழே கைகொடுத்து, ஒரே மூச்சில் தூக்கிவிட்டேன். வாழ்நாளில் முதல் தடவை. கொஞ்சங்கூட ஆடவில்லை. அவர் இரண்டு கையாலும் என் கழுத்தைக் கட்டிக்கொண்டார். கண்ணை இறுக மூடியிருந்தார். நகம் என் பிடரியில் பதிந்தது.

"வச்சுடு," என்றார். "மெதுவா வச்சுடுடா."

வைத்தேன். அன்று முழுவதும் அவர் என்னைப் பற்றி ஒரு கேலியும் சொல்லவில்லை. தோற்றுவிட்டார் என்று நினைத்தேன். கச்சேரியில் அன்று நான் சிரித்த முகமாக இருந்தேன் என்று பிறகு சொன்னார்கள். சொல்வதற்கென்ன, அவ்வளவு சந்தோஷமாக நான் இருந்ததே இல்லை.

அடுத்த மழை தொடங்கினதும் அவருக்கு ஜுரம் கண்டது. வைத்தியர் என்னை வாசலுக்குக் கூப்பிட்டு, பிள்ளைக்குச் சொல்லி அனுப்புங்கள் என்றார். நான் உள்ளே போய், தந்தி அடிக்கட்டுமா என்று கேட்டேன்.

"வேண்டா," என்றார் அண்ணா. "யுத்த சமயம். ரயில்லே இடம் கிடைக்காது. வேலைக்கும் முட்டு வரும். எனக்கு ஒண்ணும் ஆகாது, நீ பேசாமப் போ." பிள்ளைமேல் கரிசனம் என்று நினைத்துக்கொண்டு பேசாமல் வந்துவிட்டேன்.

ஒரு நாள் காலை நான் நன்றாகத் தூங்கினேன். மழை, குளிர், சுவரில் யாரும் இடிக்கவில்லை. மன்னி வந்து தோளைத் தொட்டு எழுப்பினபோது வெளிச்சம் வந்திருந்தது.  எனக்குப் புரிந்தது.

அழுகை வரவில்லை என்று சொன்னால் பொய். வந்தது. ஆனால் அழுதுகொண்டே ஒரு துண்டை நாலாக மடித்து இடது தோளில் வைத்துக்கொண்டேன். வாசலில் பச்சை மூங்கிலில் பாடை கட்டினார்கள். தெருக்காரர்கள் வந்து குடைக்குக் கீழே நின்றார்கள். காரியம் செய்துவைக்க வந்த வாத்தியார் என்னைக் கூப்பிட்டார். "பிள்ளை எங்கே?"

"பம்பாயில். இனிமேதான் தந்தி அடிக்கணும்."

"அவன் வர்றதுக்கு நாலஞ்சு நாள் ஆகும். இந்த மழையிலே வச்சிண்டிருக்க முடியுமோ? நீதான் கர்த்தா. போய் ஸ்நானம் பண்ணிட்டு வந்து சட்டியை எடு."

"நான் தோள் கொடுக்கணும்," என்றேன். சின்னக் குழந்தை மிட்டாய் கேட்கிற குரலில்தான் வந்திருக்க வேண்டும். இரண்டொருவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

"கொள்ளி வைக்கறவன் தோள் குடுக்கப்படாதுன்னு உனக்குத் தெரியாதா? அசடு மாதிரிப் பேசாதே."

தெரியும். அக்ரஹாரத்தில் பிறந்த எவனுக்கும் தெரியும். அண்ணாவுக்கு ஒரு பிள்ளை இருக்கிறான், அவன் வருவான், சட்டி அவனுடையது என்ற ஒரே நினைப்பில் இரண்டு வருஷம் மரம் சுமந்த எனக்கு மட்டும் அது தோன்றவே இல்லை. துண்டைத் தோளிலிருந்து எடுத்துவிட்டார்கள். சட்டியின் கயிற்றை என் கையில் கொடுத்தார்கள். சட்டி ஒரு சொம்புக் கனம்கூட இல்லை.

தூக்கினவர்களை இப்போதும் கண்முன் பார்க்கிறேன். தொந்தி பெருத்த இரண்டு குமாஸ்தாக்கள், கோவில் சாப்பாடு போடுகிற ஊட்டுப்புரையில் சமையல் செய்கிற ஒருவர், அடுத்த வீட்டுக்கு வந்திருந்த மாப்பிள்ளை. குடையைவிடக் கனமான எதையும் அந்தக் குமாஸ்தாக்கள் தூக்கியிருக்க மாட்டார்கள். தெரு முனைக்குப் போவதற்குள் மூச்சிரைக்கிற சத்தம் என் காதில் விழுந்தது. தோள் மாற்றச் சொல்லி ஒருவரையொருவர் கெஞ்சினார்கள். நான் மழையில் சட்டி அணைந்துவிடாமல் மேலே ஒரு கூரையோட்டுத் துண்டைப் பிடித்துக்கொண்டு நடந்தேன். என் தோள் இரண்டும் சும்மா இருந்தன.

கல் வந்தது. நான் தாண்டினேன். காலுக்குக் கீழே பாசி நன்றாகத் தெரிந்தது. எனக்கு வழுக்கவில்லை, இரண்டு வருஷப் பழக்கம். தாண்டி நாலடி போயிருப்பேன். பின்னால், "ஐயோ, காலு... பிடி, பிடி ஓய்!" என்று கேட்டது. மூங்கில் முறிகிற சத்தம். அதற்கப்புறம் கனமான ஒன்று கல்லில் மோதி, சேற்றில் விழுகிற சத்தம்.

திரும்பிப் பார்க்கக் கூடாது. நின்றேன். கயிறு என் கையில் ஆடிற்று. எவனோ இருமினான். அது இருமல் இல்லை என்று எனக்குத் தெரியும். அப்பா விழுந்த சத்தத்தை அண்ணா இப்படித்தான் கேட்டிருக்கிறார், திரும்பாமல், முதுகால். இத்தனை வருஷம் அந்தச் சத்தத்தைத்தான் என்மேல் திருப்பித் திருப்பி எறிந்துகொண்டிருந்தார். சேற்றைத் துடைத்து, மறுபடி கட்டித் தூக்குகிறவரைக்கும் நான் அந்த இடத்திலேயே மழையில் நின்றேன். பிறகு வாத்தியார் நடக்கச் சொன்னார், நடந்தேன்.

அண்ணாவின் பிள்ளை ஒரு வாரம் கழித்து வந்து சேர்ந்தான். வந்ததும் வராததுமாக என்மேல் பாய்ந்தான். "ஜுரம் வந்தப்பவே ஏன் தந்தி அடிக்கலே சித்தப்பா? எனக்குக் கொள்ளி வைக்கிற பாக்கியம்கூடக் கிடைக்கப்படாதுன்னு நினைச்சேளா?"

"உங்கப்பாதான் வேண்டாமின்னார். ரயில்லே இடம் கிடைக்காதுன்னு," என்றேன்.

உள்ளே மூலையில் உட்கார்ந்திருந்த மன்னி வாயைத் திறந்தாள். அத்தனை நாளும் அவள் யாரோடும் பேசியிருக்கவில்லை.

"ரயிலுக்காக இல்லே. என்னண்டை சொன்னார். பிள்ளை வந்தா அவன் சட்டி எடுத்துப்பான், தம்பி தோள் குடுக்க வந்துடுவான், தடுத்தாலும் நிக்கமாட்டான். அன்னிக்குத் தம்பி என்னைத் தூக்கினப்ப எனக்கு உசிரே போயிடுத்துடீ, மறுபடியும் அவன் கையிலே போக மாட்டேன், சட்டியை அவன்கிட்டக் குடுத்துட்டா நான் பொழைச்சேன், அப்படீன்னார்."

பிள்ளை என்னைப் பார்த்தான். நான் என் தோளைப் பார்த்தேன். இரண்டு வருஷம் ஜன்னலிலிருந்து அவர் பார்த்துக்கொண்டிருந்தது வேடிக்கை இல்லை. என்னைப் பார்க்கப் பார்க்க அவருக்குப் பயம் ஏறிக்கொண்டிருந்திருக்கிறது.

"தெருக்காரா ஜாக்கிரதையாக் கொண்டுபோனாளோடா?" என்று மன்னி கேட்டாள். பெண்கள் சுடுகாட்டுக்கு வருவதில்லை. அவளுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை.

பூப்போலக் கொண்டுபோனார்கள் என்று சொல்லியிருக்கலாம். வேறு யாராயிருந்தாலும் அப்படித்தான் சொல்லியிருப்பார்கள். என் வாய்க்கு அது வரவில்லை.

"போட்டுட்டா மன்னி. அதே கல்லு மேலே."

 அவள் தலைப்பை இழுத்து மூடிக்கொண்டாள்.

"அப்படீன்னா நீயே தூக்கியிருக்கலாம்," என்றாள்.

மறுநாள் விடிகாலை, வழக்கமான நேரத்துக்கு எனக்கு விழிப்பு வந்துவிட்டது. மழை விட்டிருந்தது. உத்தரம் கொல்லையில் கிடந்தது. எழுந்து போக மனமில்லாமல், சுவர்ப் பக்கமாகத் திரும்பிப் படுத்துக்கொண்டு, கைத்தடி இடிக்கிற சத்தத்துக்காகக் காத்திருந்தேன்.